காசியம்மா பார்த்துச் சொன்ன டி.வி.

காரைக்கால்மேட்டில் ஒரு வீட்டுக்குக் கிரைண்டர் வாங்க வேண்டுமென்றால், கடைக்குப் போகிற வழியில் காசியம்மாவின் வாசலில் நின்று குரல் கொடுத்து, அவளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். கல்யாணப் புடவை, பீரோ, கைமாறி வரும் பைக், எல்லாவற்றையும் அவள் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். ஒருமுறை மாப்பிள்ளை பார்க்கவும் கூட்டிப் போனார்கள். பையன் சரிப்பட மாட்டான் என்று திரும்பி வரும் வழியிலேயே சொல்லிவிட்டாள். பெண் வீட்டார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு மாதத்தில் பெண் பெட்டியோடு திரும்பி வந்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் காசியம்மாவைக் கேட்காமல் ஒரு குடம்கூட வாங்குவதில்லை.

இந்தப் பெயர் அவளுக்கு மீனால் வந்தது. காலையில் படகுகள் கரைக்கு வந்ததும் மீனை மணலில் கூறு கூறாகக் கொட்டி ஏலம் விடுவார்கள். ஒரு கூறைத் தனியாக எடுக்க வசதியில்லாத பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எடுத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு நெடுங்காடு, விழிதியூர், டவுன் மார்க்கெட் என்று ஆளுக்கொரு பக்கம் விற்கப் போவார்கள். அப்படி எட்டுப் பேர் சேர்ந்த ஒரு கூட்டுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஏலம் எடுப்பவள் காசியம்மா. எந்தக் கூறைக் கேட்பது, எந்தக் கூறை விடுவது என்பதெல்லாம் அவள் முடிவு. மேலே பளபளவென்று இருக்கும், அடியில் முந்தாநாள் ஐஸில் கிடந்த மீன் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நிமிஷம் போதும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள் என்று ஏலம் விடுகிறவர்கள் முணுமுணுப்பார்கள்.

அந்தக் கண்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒன்றரை வருஷமாகவே அப்படித்தான். முதலில் தூரத்துப் படகின் எண் தெரியவில்லை. பிறகு படகே தெரியவில்லை. 2008ஆம் வருஷம் ஆனி மாதம் வந்தபோது, கை நீட்டும் தூரத்தில் நிற்கிறவர் முகம்கூட மார்கழிப் பனிக்குள் நிற்பதுபோல் இருந்தது. ஐம்பத்துநான்கு வயதில் கண்ணில் புரை விழுவது ஊரில் இல்லாத அதிசயம் அல்ல. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் ஆபரேஷன் என்றால் நாற்பது நாள் கடற்கரைப் பக்கம் வர முடியாது. ஊருக்கே தெரிந்துவிடும். கண் தெரியாதவளை நம்பி எட்டு வீட்டுப் பிழைப்பை யார் கொடுத்து வைப்பார்கள்? கணவர் இறந்து பதினாறு வருஷம். மகளைச் சந்திரபாடியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த மணலில் ஏழு பேருக்கு முன்னால் போய் நிற்கிற அந்த ஓரிடம்தான்.

அந்த இடத்துக்கு ஆள் தயாராக இருப்பதும் அவளுக்குத் தெரியும். எட்டில் ஒருத்தி அவள் தம்பி முத்தையனின் மனைவி தமிழரசி. முப்பத்தெட்டு வயது. கண் கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை.

ஆகவே காசியம்மா மூச்சு விடவில்லை. கண் செய்த வேலையை விரலுக்கு மாற்றினாள். கூறின் முன்னால் குந்தி, அடியில் கையை விட்டு ஒரு மீனை இழுத்து, வயிற்றில் பெருவிரலால் ஓர் அழுத்து. சதை திமிறிக்கொண்டு எழுந்தால் இன்றைய மீன். பள்ளம் பள்ளமாகவே நின்றால் பழசு. செவுளைத் திறந்து மோந்து பார்ப்பாள். ஏலம் விடுகிறவன் குரலில் எங்கே அவசரம் தட்டுகிறது என்று காது கொடுத்துக் கேட்பாள். இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் ஏமாந்தாள். அன்றைக்குத் தன் பங்கை மற்ற ஏழு பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

முத்தையனுக்கு டி.வி. ஆசை வந்தது இந்தச் சமயம் பார்த்துத்தான். விசைப்படகில் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த புது வீட்டில் கூடத்துச் சுவர் வெள்ளையாக, மொட்டையாக நின்றது. அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அதில் தட்டையாக ஒரு டி.வி. தெரிந்தது. சாதாரண டி.வி. இல்லை, எச்.டி. டி.வி. என்றாள் பிளஸ் டூ படிக்கிற மகள் காவ்யா. மீனின் செதிலை எண்ணலாமாம். சரி, அப்படியே வாங்குவோம் என்று இறங்கியபோதுதான், அதில் பிளாஸ்மா, எல்.சி.டி. என்று இரண்டு சாதி இருப்பது தெரிந்தது. வீட்டில் அமைதி அன்றோடு போயிற்று.

முத்தையன் எல்.சி.டி. கட்சி. பிளாஸ்மாவுக்குள் கேஸ் இருக்கிறது, வருஷா வருஷம் சிலிண்டர் மாதிரி நிரப்ப வேண்டும் என்று அவன் படகை ஓட்டுகிற மணிவேல் சொல்லியிருந்தான். மணிவேல் வீட்டில் இருந்தது பழைய டப்பா டி.வி.தான், இருந்தாலும் அவன் சொன்னால் முத்தையனுக்கு வேதவாக்கு. தமிழரசி பிளாஸ்மா கட்சி. காரணம் கேட்டால், புருஷன் எல்.சி.டி. என்று சொன்னதுதான் காரணம். பத்து நாள் வாதம் நடந்தது. ஒரு நாள் சோறு ஆறிப்போனது. கடைசியில் முத்தையன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

“ஒனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அக்கா வந்து பாக்கட்டும். அது எதச் சொல்லுதோ அத வாங்குவோம்.”

பக்கத்து வீட்டிலிருந்து இதைக் கேட்ட காசியம்மா சாக்குத் தேடத் தொடங்கினாள். முழங்கால் வலிக்கிறது என்றாள். கருவாடு காயவைத்திருக்கிறேன் என்றாள். “டி.வி.யப் பத்தி நான் என்னத்தக் கண்டேன்?” என்று கடைசி ஆயுதத்தையும் எடுத்தாள்.

“மீனப் பத்தி மட்டும் பள்ளிக்கூடத்துலயா படிச்சீங்க? கெளம்புங்க அண்ணி,” என்றாள் தமிழரசி.

மாங்கனித் திருவிழா முடிந்த அடுத்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. பாரதியார் வீதிக் கடைக்கு நால்வரும் போய் இறங்கியபோது மணி ஒன்று. கடை முதலாளி முகம்மது இப்ராஹிம் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் ஆன்டோ மட்டும் இருந்தான். இருபத்தெட்டு வயது, வீட்டில் கைக்குழந்தை, வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். பெரிய டி.வி. கேட்டு வந்தவர்களைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. சுவரோரம் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு பெட்டிகளிலும் ஒரே படத்தை ஓடவிட்டான். கடலுக்கடியில் பவளப்பாறை, அதற்குள் கலர் கலராக மீன்கள்.

“இடதுபக்கம் எல்.சி.டி.ங்க. நல்லா வெளிச்சமா இருக்கும், கரண்டு கம்மி. வலதுபக்கம் பிளாஸ்மா. கறுப்புன்னா அப்படியே கறுப்பாத் தெரியும். பந்து எவ்வளவு வேகமா ஓடினாலும் கலங்காது. கொஞ்சம் சூடாவும், வெயிட்டு ஜாஸ்தி. ரெண்டுமே எச்.டி.தாங்க. ஆனா ஒண்ணு, கேபிள்ல எச்.டி. சேனல் இன்னும் வரலை, அது வந்தப்புறம்...”

அவன் சொன்ன கடைசிப் பாதியை யாரும் கேட்கவில்லை. மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

“அக்கா, செதிலு தெரியுது பாரு!”

“அண்ணி, அந்த மஞ்ச மீனோட கண்ணப் பாருங்க, எப்படி முழிக்குது!”

காசியம்மா பார்த்தாள். வெளிச்சமான பனி மூட்டம் இரண்டு தெரிந்தது. இடது மூட்டத்துக்கும் வலது மூட்டத்துக்கும் அவளுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்த மௌனம் ஏலத்தில் வருகிற மௌனம், அதில் ரொம்ப நேரம் நிற்க முடியாது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டடி முன்னால் போய், எல்.சி.டி.யின் நடுவயிற்றில் பெருவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

திரை உள்ளே அமுங்கியது. விரலைச் சுற்றி வண்ணங்கள் குளத்துத் தண்ணீர்போல் நெளிந்து ஓடின.

“ஐயய்யோ அம்மா! கைய எடுங்க!” ஆன்டோ பாய்ந்து வந்தான். அதற்குள் அவள் பிளாஸ்மாவையும் அழுத்திப் பார்த்துவிட்டாள். கண்ணாடி. கெட்டியாக, இளஞ்சூடாக இருந்தது.

“இந்த எடதுபக்கத்துது கெட்டுப்போனது தம்பி. அமுங்குது. வேணாம். வலதுபக்கந்தான் கெட்டி,” என்று தீர்ப்பும் சொன்னாள்.

காவ்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அத்தை, அது மீன் இல்ல அத்தை!” முத்தையனும் சிரித்தான். ஆன்டோ சிரிக்கவில்லை. எல்.சி.டி. திரையின் நடுவில், கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு தழும்பு நின்றது. மீன்கள் அதற்குள் போய் மறைந்து மறுபக்கம் வெளியே வந்தன.

“பாருங்கம்மா. கறையாயிடுச்சு. முதலாளி வந்தா நான் என்ன சொல்லுவேன்?”

“எங்க கறை? ஒண்ணையும் காணோம். சும்மா சொல்லாத தம்பி,” என்றாள் காசியம்மா.

மற்றவர்களுக்கு இது அவளுடைய மார்க்கெட் பேச்சாகத்தான் பட்டது. மீனில் குறை சொன்னால் அவள் இப்படித்தான் சாதிப்பாள். ஆன்டோவுக்கு வாதாடத் தெம்பில்லை. டி.வி.யை அணைத்தான். ஒரு மெத்தென்ற துணியை எடுத்து, குழந்தையின் நெற்றியைத் தடவுவதுபோல் அந்த இடத்தைத் தடவினான். “மாதாவே, மாதாவே” என்று உதடு அசைந்தது. போட்டுப் பார்த்தான். கறை இருந்தது, கொஞ்சம் வெளுத்திருந்தது. மறுபடி அணைத்து, மறுபடி தடவி, மூன்றாம் முறை போட்டபோது திரை சுத்தமாக இருந்தது. அவன் துணியைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலில் சாய்ந்தான். பேசக்கூட முடியவில்லை.

அந்த மௌனத்தைக் காசியம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். பையன் உடைந்துபோய்விட்டான், நம்மால் அவன் வேலை போகப்போகிறது என்று நினைத்தாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவள் பொய் பேசுவாள், ஏமாற்றுவாள், ஆனால் அடுத்தவன் சோற்றில் கைவைக்க மாட்டாள். குனிந்து திரையை உற்றுப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ஆமா தம்பி, இருக்கு. இப்பத்தான் நல்லாப் பாத்தேன். கறுப்பா, என் வெரலு அளவுக்கு இருக்கு. தப்பு எம்மேலதான். மொதலாளிகிட்ட நான் சொல்லுறேன்.”

ஆன்டோ திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“இல்லையேம்மா,” என்றான் மெதுவாக. “போயிடுச்சே.”

தமிழரசி நாலு அடி நகர்ந்து வந்து காசியம்மாவின் முன்னால் நேராக நின்றாள். வாயைத் திறக்கவில்லை. காசியம்மா கண்ணைச் சுருக்கினாள்.

“யாரு, காவ்யாவா?”

“நாந்தான் அண்ணி,” என்றாள் தமிழரசி.

முத்தையனுக்குப் புரிய இன்னும் ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கோபம்தான் முதலில் வந்தது. “எத்தனை நாளாக்கா? கூடப்பொறந்தவன் பக்கத்து வீட்டுலதான இருக்கேன்? சொல்ல மாட்டியா?”

காசியம்மா அங்கேயே, டி.வி.களுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கண்ணு வெளுத்த மீன நானே பழசுன்னு தூக்கிப் போடுவேன்டா. என்னைய மட்டும் யாரு வச்சுக்குவா?”

அதைச் சொன்னபோது அவள் அழவில்லை.

தமிழரசிக்கு அந்த இடத்தின் மேல் ஆசை இல்லாமல் இல்லை. இருந்தது, வருஷக்கணக்காக இருந்தது. இப்போது அது தானாகவே மடியில் வந்து விழுந்திருந்தது. அவள் அதை ஒரு கணம் நினைத்துக்கூடப் பார்த்திருப்பாள், மனுஷிதானே. ஆனால் அவளும் தரையில் உட்கார்ந்து அண்ணியின் முகத்தையே பார்த்தாள்.

“போன வாரம் அந்தக் கானாங்கெளுத்திக் கூறு. எல்லாரும் அடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க, நீங்க மட்டும் வேணாம்னு எந்திரிச்சு வந்தீங்க. எடுத்தவ அன்னிக்கு அத்தனையையும் கோழிக்குப் போட்டா. அது கண்ணு தெரியாமலா?”

“ம்.”

“அப்படின்னா கண்ணு தெரிஞ்சா ஒங்கள யாரு புடிக்க முடியும்?” என்று கேட்டுவிட்டுத் தமிழரசி எழுந்தாள். “ஏங்க, இன்னிக்கு டி.வி. வேணாம். அண்ணிக்குக் கண்ணப் பாத்துட்டு, அண்ணி வந்து நெசமாப் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் டப்பா டி.வி.யே போதும்.”

ஒரு பெரிய வியாபாரம் கைநழுவிப் போனதில் ஆன்டோவுக்கு வருத்தம்தான். ஆனாலும் வாசல்வரை வந்து, மாதா கோயில் பக்கம் மாதத்துக்கு ஒருமுறை கண் முகாம் வேன் வரும் என்றும், தன் மாமியாருக்குப் போன வருஷம் அங்கே பார்த்துத்தான் ஆபரேஷன் செய்தது என்றும், இப்போது ஊசியில் நூல் கோர்க்கிறார் என்றும் சொன்னான். “வர்ற ஞாயித்துக்கிழமையே வருதும்மா. மறந்துடாதீங்க.”

மறுநாள் காலை ஏலத்துக்கு முன்னால் காசியம்மாவே ஏழு பேரையும் மணலில் கூட்டி வைத்துச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டிலேயே மூத்தவளான சின்னப்பிள்ளை வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

“அன்னிக்கு ஒம் பங்கப் பிரிச்சுக் குடுத்துட்டுத் தலைவலின்னு போனியே காசி, அப்பவே ஏதோ இருக்குன்னு நெனச்சேன். சக்கர வியாதின்னுல்ல நெனச்சேன்! இதுக்கா இம்புட்டு அழிச்சாட்டியம்? போய்ப் பாத்துக்கிட்டு வா. ஒன் எடம் எங்கயும் ஓடிப் போவாது.”

கண்ணைப் பிடுங்கி வெளியே வைத்துத் துடைத்துவிட்டு மறுபடி பொருத்துவார்கள் என்று யாரோ சொல்லியிருந்ததால், ஆபரேஷன் மேஜையில் காசியம்மா டாக்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தமிழரசிதான் கூடப் போயிருந்தாள், மூன்று நாளும் ஆஸ்பத்திரித் தரையில் படுத்தாள். வலது கண்ணின் கட்டைப் பிரித்தபோது காசியம்மா முதலில் பார்த்தது கட்டிலுக்குக் கீழே இருந்த ஒரு பிளாஸ்டிக் வாளியை. இவ்வளவு நீலமாக ஒரு வாளி இருக்குமா என்று அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“ஏன்டி தமிழு, ஒனக்கு எப்ப இவ்வளவு நரை வந்துச்சு?”

“எல்லாம் ஒங்களாலதான்,” என்றாள் தமிழரசி. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நாற்பது நாள் ஏலத்துக்குத் தமிழரசி போனாள். முதல் வாரத்திலேயே சிவப்புச் சிவப்பாக மின்னிய சங்கராக் கூறு ஒன்றை முந்திக்கொண்டு எடுத்துவிட்டு வந்தாள். மேலே இருந்த இரண்டு வரிசை நன்றாகத்தான் இருந்தது. அடியில் இருந்ததைக் காசியம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “மேலயே பாத்தியா? அடியில கைய விட மாட்டியா?” மறுநாளிலிருந்து தமிழரசி அடியில் கைவிட்டு இரண்டு மீனைக் கொண்டுவந்து காட்டுவதும், காசியம்மா அழுத்திப் பார்த்துத் திட்டுவதும் வழக்கமாயிற்று. ஐந்தாவது வாரத்தில் திட்டு குறைந்தது. அந்த இடம் ஒருத்திக்கு மட்டும் உரிய இடமில்லை போலிருக்கிறது என்று காசியம்மாவுக்குத் தோன்றியதும் அப்போதுதான். தோன்றியதை அவள் வெளியே சொல்லவில்லை, அவ்வளவு சீக்கிரம் சொல்கிற ஆளும் இல்லை. ஆனால் நாற்பதாம் நாள் கடற்கரைக்குப் போனபோது, “வாடி, சேந்தே போவோம்” என்று தமிழரசியைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

ஆவணியில் மறுபடி டி.வி. கடை. அதே இரண்டு பெட்டிகளும் அங்கேயே நின்றன. ஆன்டோ அவளைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து எல்.சி.டி.க்குக் குறுக்கே நின்றுகொண்டான்.

“பயப்படாத தம்பி. இன்னிக்குக் கண்ணாலதான்,” என்றாள் காசியம்மா.

பார்த்தாள். அம்மாடி, என்னவெல்லாம் தெரிந்தது! நின்று பார்த்தபோது எல்.சி.டி.தான் பளிச்சென்று இருந்தது. முத்தையன் மீசையைத் தடவ ஆரம்பித்தான். காசியம்மா இடது பக்கம் போய்ப் பார்த்தாள், வலது பக்கம் போய்ப் பார்த்தாள். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கடைக்கு வந்திருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“நீங்களும் ஒக்காருங்க. வீட்டுல நின்னுக்கிட்டா பாக்கப் போறோம்? நீ படுத்துக்கிட்டுல்ல பாப்ப.”

முத்தையன் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். கீழேயிருந்து எல்.சி.டி.யில் மீன்கள் சாம்பல் பூத்துப்போய்த் தெரிந்தன. பக்கத்தில் பிளாஸ்மாவில் எந்த மாற்றமும் இல்லை. அவன் மீசையிலிருந்து கையை எடுத்தான். மணிவேல் சொன்ன கேஸ் கதையைக் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தான். அது கண்ணாடிக்குள் அடைத்து மூடியது, அதை நிரப்புவதெல்லாம் கிடையாது என்றான் ஆன்டோ. முடிந்தது.

இரண்டு ஆட்கள் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து, மொட்டைச் சுவருக்கு முன்னால் ஒரு மேஜையில் பிளாஸ்மாவை வைத்தார்கள். மாலையில் கூட்டில் மற்ற ஆறு பெண்களும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். காசியம்மாவுக்கு நடுவில், முதல் வரிசையில் இடம். தமிழரசி எல்லாருக்கும் டீ கொடுத்தாள். முத்தையன் கேபிள் ஒயரைச் சொருகி, சாமியைக் கும்பிட்டுவிட்டு ரிமோட்டை அமுக்கினான்.

படம் வந்தது. ஒரு பெண் செய்தி வாசித்தாள். அவள் முகம் பக்கவாட்டில் இழுபட்டு, ஓரமெல்லாம் கலங்கி, மூக்கு எங்கே முடிகிறது கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இருந்தது.

காசியம்மாவுக்கு உயிரே போய்விட்டது. புரை திரும்பி வந்துவிட்டது. முப்பத்தைந்தாம் நாளே தலைக்குக் குளித்தேனே, அதனாலா? யாருக்கும் தெரியாமல் கருவாடு தின்றேனே, அதனாலா? கண்ணைச் சிமிட்டினாள். மூடித் திறந்தாள். அதே மங்கல்.

“அடேங்கப்பா, என்ன தெளிவு!” என்றாள் சின்னப்பிள்ளை.

“காசியக்கா எடுத்ததாச்சே,” என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. முத்தையன் பெருமையாகத் தலையாட்டினான். தமிழரசி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவ்யாகூட வாய் திறக்கவில்லை.

எல்லாருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும்தான் இல்லை. காசியம்மாவின் நாக்கு நுனிவரை அந்தப் பழைய பொய் வந்துவிட்டது. ‘ஆமா, நல்லா இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்குத் தப்பித்துவிடலாம். நாளைக்கு விரல் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, காது இருக்கிறது. ஒன்றரை வருஷம் ஓட்டவில்லையா? ஆனால் தன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒன்றரை வருஷத்தை இன்னொரு தடவை வாழ அவளுக்குத் தெம்பில்லை.

“தமிழு,” என்றாள். “எனக்கு மங்கலாத் தெரியுதுடி.”

செய்தி வாசிக்கிறவள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தாள். தமிழரசி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அண்ணி,” என்றாள், “எங்களுக்கும் அப்படித்தான் தெரியுது!”

“எனக்குந்தான் காசி,” என்றாள் சின்னப்பிள்ளை. “அவ மூஞ்சி ஊத்தாப்பம் மாதிரி இருக்கு.”

“நீ பாத்து எடுத்ததாச்சேன்னுதான்க்கா நான் வாயத் தொறக்கல,” என்றான் முத்தையன் பரிதாபமாக.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. காவ்யா சிரித்துக்கொண்டே ஆன்டோவுக்கு போன் போட்டாள். கேபிளில் எச்.டி. இன்னும் வரவில்லை என்று அன்றைக்கே சொன்னேனே, டி.வி.டி. போட்டுப் பாருங்கள் என்று அவன் அந்தப் பக்கம் கெஞ்சுவது கூடம் முழுக்கக் கேட்டது. காசியம்மா அதைக் காதில் வாங்கவில்லை. எல்லாருக்கும் மங்கலாகத் தெரிகிறது. அவளுக்கும் அதே மங்கல்தான், அதே அளவு, எள்ளளவும் கூடுதல் இல்லை. அவளுக்கு இப்படியொரு சந்தோஷம் வாழ்நாளில் வந்ததில்லை. பாயில் உருண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. “கண்ணக் கசக்காதீங்க அண்ணி!” என்று தமிழரசி கத்திக்கொண்டே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.